கிணற்றடி: 330 சதுர மீற்றர்

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் விடுமுறை. மனைவி கொக்குவிலில் பொங்கினாள். நான் பளையில், வாடகை அறையில், பாணும் சம்பலும் தின்றேன். பஸ் கிடைக்கவில்லை என்று அவளுக்குச் சொன்னேன். பஸ் ஓடியது.

இந்தக் கொப்பியை இன்றுதான் தொடங்குகிறேன். பன்னிரண்டு வருடமாக ஒரு மிதிவெடி அகற்றும் நிறுவனத்தில் மொழி மற்றும் அறிக்கை அலுவலராக இருக்கிறேன். நிலத்தில் வேலை செய்கிறவர்கள் தமிழில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் கொழும்புக்கு எழுதுவேன். கொழும்பு அதை வாஷிங்டனுக்கு அனுப்பும், ஏனென்றால் காசு அங்கிருந்து வருகிறது. வாஷிங்டன் சொல்வது அதே வழியில் திரும்பி வரும், நான் அதைத் தமிழாக்குவேன். இரு பக்கமும் ஓயாமல் நன்றி சொல்வதால், என் வேலையில் பெரும்பகுதி நன்றியை மொழிபெயர்ப்பது. மிச்சத்தை எழுத ஓர் இடம் வேண்டியிருந்தது.

ஜனவரி 17, வெள்ளி

தில்லையம்பலத்தின் காணிக்குப் போனேன். மார்ச் முதலாம் திகதி கையளிக்க வேண்டிய காணி. அதற்கு ஒரு "பயனாளி கதை" எழுத வேண்டும்; நானூறு சொற்கள், ஒரு புன்னகைப் படம்.

இரண்டு ஏக்கர் தென்னங்காணி. தென்னைகளுக்குத் தலை இல்லை. இருபத்தைந்து வருடமாக யாரும் உள்ளே காலடி வைக்கவில்லை. மற்றதையெல்லாம் எங்கள் அணி துப்புரவாக்கிவிட்டது, இப்போது கிணற்றடி மட்டும் மிச்சம்: முப்பது மீற்றர் நீளம், பதினொரு மீற்றர் அகலம். அதைச் சுற்றி எங்கள் சிவப்புத் தலைக் கம்புகள். கம்புக்கு இந்தப் பக்கம் நடக்கலாம், அந்தப் பக்கம் நடக்கக் கூடாது. இந்தச் சட்டம் மட்டும் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் மதிக்கிறார்கள். வேறு சட்டம் எதற்கும் அந்தப் பேறு கிடைக்கவில்லை.

அணித் தலைவி யோகமலர் முகக் கவசத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தாள். முப்பத்தெட்டு வயது. பதினொரு வருட அனுபவம். என்னைவிட ஒரு வருடம் குறைவு, ஆனால் அவளுடையது முழங்காலில் நின்று பெற்றது.

"நேற்றுப் பின்னேரம் ரெண்டு எடுத்தம், சேர். ஒண்டரை மீற்றர் இடைவெளி. வரிசை நேரா கிணத்தைப் பாத்துத்தான் போகுது."

"அப்படியென்றால்?"

"தண்ணி அள்ள வாறவைக்கெண்டு வச்சிருக்கு. அப்ப யாரும் தண்ணி அள்ள வந்திருப்பினம்தானே."

யார் வைத்தது என்று நாங்கள் அறிக்கையில் எழுதுவதில்லை. மிதிவெடிக்கும் அது தெரியாது.

தில்லையம்பலம் வேலியருகே நின்றார். ஐம்பத்தேழு வயது, தச்சு வேலை. மனைவி சற்குணத்தோடு தன் தங்கை வீட்டில், ஒரு தகரக் கொட்டிலில் இருக்கிறார். புன்னகைக்கச் சொன்னேன். "பல்லு ரெண்டு இல்லை, சேர். அமெரிக்காக்காரன் குறை நினைக்க மாட்டானே?" என்றார்.

கையளிக்கும் நாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அணிப் பெண்கள் கைகோத்து, காணியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை காலை அழுத்தி நடந்து காட்டுவார்கள். பிறகு சொந்தக்காரர் தன் கையால் கடைசிக் கம்பைப் பிடுங்குவார். அதன் பிறகு அது காணி. அதுவரை அது வரைபடத்தில் ஓர் எண்.

ஜனவரி 21, செவ்வாய்

அமெரிக்காவில் புதிய சனாதிபதி நேற்றுப் பதவியேற்றார். தேத்தண்ணிக் கடையில் கைபேசியை வெல்லப் போத்தலில் சாய்த்து வைத்து எல்லாரும் பார்த்தார்கள். பளையில் வெளிநாட்டுக் கொள்கை தெரியாதவர் இல்லை.

"கனடாவைத் தன்னோட சேர்க்கப் போறாராம்."

"சேர்க்கட்டும். என்ர மோன் பதினாலு வருசமா அமெரிக்காவுக்குள்ள போக வழி பாக்கிறான். இருந்த இடத்திலயே போயிடுவான்."

"வெளிநாட்டு உதவியை எல்லாம் நிப்பாட்டப் போறாராம்."

"எங்களுக்கு என்ன உதவி கிடைச்சது, நிப்பாட்ட?"

அவர் உட்கார்ந்திருந்த வாங்கின் கீழ் நிலம் 2014இல் நாங்கள் துப்புரவாக்கியது. ஆறு வெடிகள். நான் சொல்லவில்லை. தேநீர் ஆறிவிடும்.

ஜனவரி 25, சனி

காலை ஆறே காலுக்குக் கொழும்பிலிருந்து மின்னஞ்சல். அமெரிக்க உதவியில் நடக்கும் எல்லா வேலைகளும் உடனே நிறுத்தப்பட வேண்டும். தொண்ணூறு நாள் மீளாய்வு. உலகம் முழுவதற்கும் ஒரே உத்தரவு. எங்களை யாரும் தனியாகக் குறிவைக்கவில்லை என்பது ஓர் ஆறுதல். மிதிவெடியும் அப்படித்தான், யாரையும் தனியாகக் குறிவைப்பதில்லை.

"உடனே" என்ற சொல்லுக்கு ஒரு பந்தியில் விளக்கம் கொடுத்திருந்தார்கள். "உடனே என்றால் உடனே" என்பதுதான் அதன் சாரம்.

ஜனவரி 27, திங்கள்

எங்கள் அணிகளின் அறுபத்திரண்டு பெண்களும் வாகனத் தரிப்பிடத்தில் கூடினார்கள். நான் மொழிபெயர்த்தேன். நல்ல மொழிபெயர்ப்பு. "இடைநிறுத்தம்" என்று சொன்னேன், "நிறுத்தம்" என்று சொல்லவில்லை.

யாரும் அழவில்லை. சிலர் கேள்வி கேட்டார்கள்.

"அவையளுக்கு எங்களில என்ன கோபம், சேர்?"

"கோபம் இல்லை. மீளாய்வு."

"தொண்ணூறு நாளைக்கு எதைப் பாப்பினம்?"

"இந்த வேலை தேவையா என்று."

பின்வரிசையில் ஒருத்தி, "ஒருக்கா வந்து நடந்து பாக்கச் சொல்லுங்கோ. தொண்ணூறு செக்கனில தெரிஞ்சிடும்" என்றாள். சிரித்தார்கள். அதை மொழிபெயர்க்கும்படி யாரும் கேட்கவில்லை.

யோகமலர் மட்டும் கடைசிவரை நின்றாள். "கிணத்தடி மட்டும் தொடாமக் கிடக்கு, சேர். இன்னும் ஆறு நாள் தந்தாக் காணும். சம்பளம் வேண்டாம்."

சம்பளமில்லாத வேலையும் வேலைதானா என்று கொழும்பைக் கேட்டேன். வேலைதான் என்று பதில் வந்தது.

ஜனவரி 29, புதன்

புதிய உத்தரவு. உதவிக் காசில் வாங்கிய சொத்துகள் அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்து, பட்டியலோடு ஒப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் உறுதிப்படுத்த வேண்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வேறு நிறுவனங்கள் கம்புகளைச் சொத்தாக எழுதுவதில்லை. உடைவது, உக்குவது, கறையான் அரிப்பது என்று விட்டுவிடுவார்கள். போன வருடம் பட்டியல் தயாரித்தவர் மட்டும் கொஞ்சம் கவனமானவர். "அடையாளக் கம்பு, சிவப்புத் தலை, 2140" என்று எழுதினார். கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அந்தக் கடிதம் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

நடவடிக்கை முகாமையாளர் புஸ்பகாந்தன் பட்டியலைப் பார்த்தார். "அண்ணை, கம்பை ஆரும் எண்ணுவாங்களே? அது நிக்கிற இடத்தில நிக்கட்டும்."

"பட்டியலில் இருக்கிறதே."

"பட்டியலில 'நிலத்தில உள்ளது' எண்டு ஒரு சொல்லுப் போடுங்கோ."

"அதற்கு ஒரு நிரல் இல்லை."

உண்மையில் இல்லை. படிவத்தில் இரண்டே நிரல்கள்: "களஞ்சியத்தில்", "காணவில்லை". என் கையொப்பத்தின் மேல் "காணவில்லை" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. புஸ்பகாந்தனுக்கு இரண்டு மாதம் ஒப்பந்தம் மிச்சம். அவர் வாதாடவில்லை.

ஜனவரி 30, வியாழன்

கம்புகள் பிடுங்கப்பட்டன. பிடுங்குவது வேலை அல்ல, வேலையை மூடுவது. அதற்கு அனுமதி உண்டு.

யோகமலர் கடைசிக் காணியில், தில்லையம்பலத்தின் கிணற்றடியில், கம்பில் கை வைத்தபடி நின்றாள்.

"சேர், இதைப் பிடுங்கினா சனம் என்ன நினைக்கும்?"

"தெருவில் மண்டையோட்டுப் பலகை இருக்கிறதே. அது அரசாங்கத்தினுடையது. அதை யாரும் தொட மாட்டார்கள்."

"அந்தப் பலகை துப்புரவாக்கின காணியிலயும் அஞ்சு வருசமா நிக்குது. அதில சனம் உடுப்புக் காயப்போடுது. நாங்கள் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போனா காணி சரி எண்டுதான் அர்த்தம். இந்த ஊருக்கு அதை நாங்கள்தானே பழக்கினனாங்கள்."

"கிராம அலுவலருக்குக் கடிதம் போகும். தில்லையம்பலத்துக்கும் பிரதி."

"நான் போற வழியில அவரிட்டச் சொல்லிப்போட்டுப் போறனே. அஞ்சு நிமிசம்."

மக்களோடு தொடர்பாடுவதும் எங்கள் திட்டத்தில் ஓர் உதவி பெறும் செயற்பாடு, அதுவும் இடைநிறுத்தப்பட்டிருக்கிறது, ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னால் குழப்பம் வரும் என்று விளக்கினேன். உத்தியோகபூர்வமான செய்தி உத்தியோகபூர்வமான வழியில் போவதே முறை.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பிடுங்கினாள். நாற்பத்தொரு கம்பு.

இரவுக்கு முன் கடிதத்தை எழுதி முடித்தேன். ஒரு பக்கம். தெளிவான கடிதம்: "கிணற்றைச் சூழ்ந்த 330 சதுர மீற்றர் நிலம் இன்னும் ஆபத்தானது. எக்காரணம் கொண்டும் உள்ளே செல்ல வேண்டாம்." வெளித்தரப்புக்கு எந்தக் கடிதம் அனுப்பினாலும் கொழும்பின் ஒப்புதல் வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்திருந்தது. அனுப்பிக் கேட்டிருக்கிறேன்.

ஜனவரி 31, வெள்ளி

2140 கம்பும் சரி. கையொப்பமிட்டேன்.

பெப்ரவரி 3, திங்கள்

கடிதம் பற்றிப் பதில் இல்லை. கொழும்பில் அதைப் பார்க்க வேண்டியவரின் பதவியும் இடைநிறுத்தப்பட்டிருக்கிறதாம்.

பெப்ரவரி 6, வியாழன்

மீளாய்வுக்கு மூன்று கேள்விகள் வந்திருக்கின்றன. உங்கள் வேலை அமெரிக்காவைப் பாதுகாப்பானதாக ஆக்குகிறதா? பலமானதாக ஆக்குகிறதா? செழிப்பானதாக ஆக்குகிறதா? ஒவ்வொன்றுக்கும் இருநூறு சொற்கள்.

தில்லையம்பலத்தின் கிணற்றடியில் ஒரு வெடியை எடுத்தால் அமெரிக்கா எப்படிப் பாதுகாப்படையும்? பிற்பகல் முழுவதும் யோசித்தேன். இந்து சமுத்திரத்தின் கடல்வழிகள் என்று தொடங்கினேன். கடல்வழிகளுக்கு உறுதியான கரை வேண்டும், உறுதியான கரைக்கு உறுதியான ஊர் வேண்டும், உறுதியான ஊருக்குத் தண்ணீர் வேண்டும். நூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள்.

செழிப்புக்குத் தேங்காய். தலையில்லாத தென்னைகளை அகற்றி மறுநடுகை செய்தால் ஏழாம் வருடத்தில் தேங்காய்ப்பால் ஏற்றுமதி, அமெரிக்கச் சந்தையில் மலிவான விலை. பலத்துக்கு எதுவும் வரவில்லை. தில்லையம்பலம் பலமான ஆள் என்பது மட்டும் தெரியும். எழுபது வயதுப் பாலை மரத்தைத் தனியே அரிந்தவர். அதை எழுதவில்லை.

சிரிப்புக்குரிய விடயம் என்னவென்றால், எழுதி முடித்தபோது எனக்கே அது நியாயமாகத் தெரிந்தது.

பெப்ரவரி 11, செவ்வாய்

உயிர்காக்கும் உதவிகளுக்கு இந்த நிறுத்தத்திலிருந்து விலக்கு உண்டாம். விண்ணப்பப் படிவம் வந்தது. ஏழாம் கேள்வி: "கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் பகுதியில் மிதிவெடியால் ஏற்பட்ட உயிரிழப்பும் காயமும் எத்தனை?"

பூச்சியம்.

ஐந்து வருடமாகப் பூச்சியம். ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் இந்தப் பூச்சியத்தைக் கொட்டை எழுத்தில் போட்டுப் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது அதே பூச்சியம் எங்கள் வேலை உயிர்காப்பது அல்ல என்பதற்குச் சான்று.

"என்ன போடலாம்?" என்று புஸ்பகாந்தனைக் கேட்டேன்.

"மாடு ஒண்டும் சாகேல்லையே, அண்ணை?"

"2021இல் ஒரு நரி."

"நரிக்கு நிரல் இருக்குதோ?"

இல்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

தேத்தண்ணிக் கடையில் தில்லையம்பலம். என்னைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்தார். கடை நிறைய ஆட்கள். வேலையிழந்த பெண்களின் கணவன்மார் மூன்று பேர், அவர்களுக்கு நேராக நான்.

"சேர், உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்லை."

"எதற்கு?"

"கம்பெல்லாம் எடுத்துப் போட்டியளே. தங்கச்சி வந்து சொன்னவள். சற்குணம் அழுதிட்டாள். விழா வைக்கக் காசு வரேல்லை எண்டு கேள்விப்பட்டன். பரவாயில்லை, சேர். நடந்து காட்டினாத்தான் காணியோ? இத்தினை வருசம் உங்களை நம்பினனாங்கள். காணி கிடைச்சதே காணும்."

கடை அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கம்புகள் ஏன் எடுக்கப்பட்டன என்பதை அந்த இடத்தில் விளக்குவது பொருத்தமாக இருக்கவில்லை. உள்ளக நிர்வாக விடயம். தவிரவும், கடிதம் ஒப்புதலில் இருக்கிறது.

"கிணற்றுப் பக்கம் அவசரப்பட வேண்டாம்" என்றேன்.

"இல்லை, சேர். முதல் வீட்டுக்குக் கல்லு வைப்பம். கிணறு பாசி பிடிச்சுக் கிடக்கு, இறைக்கவே ஒரு கிழமை வேணும். ஆறுதலாச் செய்வம்."

"ஆறுதலாகச் செய்யுங்கள்."

"கல்லு வைக்கிற நாளுக்கு நீங்கள் கட்டாயம் வர வேணும். நீங்களும் அந்தப் பிள்ளையளும்."

வருகிறேன் என்றேன். என் தேநீருக்கும் அவர்தான் காசு கொடுத்தார்.

ஆக, அவருக்கு அறிவிக்கப்பட்டது. திகதி: 14 பெப்ரவரி. வாய்மொழி.

பெப்ரவரி 15, சனி

கடிதத்தை மறுபடி வாசித்தேன். இரண்டாம் பந்தியில் ஒரு காற்புள்ளி அதிகம். எடுத்துவிட்டேன்.

பெப்ரவரி 19, புதன்

யோகமலர் தொலைபேசியில். கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறாள். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

"சேர், எனக்கு நித்திரை வருதில்லை. தில்லையண்ணைக்குச் சொல்லியாச்சோ?"

"சொல்லியாகிவிட்டது."

"கடிதம் போட்டுதோ?"

"கடிதம் தயார்."

"தயாரோ, போட்டுதோ?"

"நானே நேரில் சொன்னேன், பிள்ளை. கிணற்றுப் பக்கம் அவசரப்பட வேண்டாம் என்று."

மூச்சு விட்டாள். "அப்ப சரி. நீங்கள் சொன்னாச் சரி." பிறகு தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னாள். அங்கே தைப்பது அமெரிக்காவுக்குப் போகும் காற்சட்டையாம். முழங்காலில் வேண்டுமென்றே கிழித்து அனுப்புகிறார்களாம். "நாங்கள் முழங்காலில நிண்டு நிண்டு கிழிச்சதை, சேர், கடையில விக்கிறாங்கள்."

பெப்ரவரி 23, ஞாயிறு

காலை பத்தே கால். அறையில் சுருக்கம் போக உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. ஒரு சத்தம்தான். நான்கு கிலோமீற்றர் தூரத்தில்.

கல் உடைக்கிறார்கள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கல் உடைப்பதில்லை. மினுக்கி முடித்தேன். ஐந்து சேட்டு.

பின்னேரம் புஸ்பகாந்தன் வந்தார். தில்லையம்பலம். நாளைக்குக் கல்லு வைப்பதாக இருந்ததாம். மண் குழைக்கக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று வாளியோடு போயிருக்கிறார். சொந்தக் கிணற்றின் முதல் தண்ணீர். வலது கால், முழங்காலுக்குக் கீழே. உயிருக்கு ஆபத்தில்லை. சற்குணம் வேலியடியில் செங்கல் அடுக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். இராணுவம் வந்து மஞ்சள் நாடா கட்டியிருக்கிறது.

நாடா யாருடைய பட்டியலிலும் இல்லை என்று நினைக்கிறேன்.

பெப்ரவரி 24, திங்கள்

கொழும்பிலிருந்து பணிப்பாளரே பேசினார். நல்ல மனிதர். முதலில் அந்த மனிதரின் குடும்பத்தை விசாரித்தார். பிறகு அடையாளக் கம்புகள் இருந்தனவா என்று கேட்டார்.

"பட்டியலின்படி எல்லாம் களஞ்சியத்தில் இருக்கின்றன" என்றேன்.

"மக்களுக்கு அறிவித்தீர்களா?"

"வாய்மொழியாக. கடிதமும் எழுதப்பட்டது. ஜனவரி முப்பது."

அது எழுதப்பட்ட திகதிதான். அதில் பொய் இல்லை. கடிதத்தை அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன். கோப்பில் இருக்கும் கடிதத்தைப் பார்க்கிறவர் அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால், பதில் சொல்வேன். கேட்காதவருக்கு எப்படிச் சொல்வது?

தொலைபேசியை வைப்பதற்கு முன் அவர் மெதுவாக, "விலக்கு விண்ணப்பம் இன்னும் போகவில்லைத்தானே? ஏழாம் கேள்வியைப் புதுப்பித்து அனுப்புங்கள்" என்றார். சொல்லிவிட்டு, "கடவுளே, என்ன பேசுகிறேன்" என்றும் சொன்னார்.

புதுப்பித்தேன். ஒன்று.

பெப்ரவரி 28, வெள்ளி

ஆசுப்பத்திரிக்குப் போனேன். நிறுவனத்துக்குப் பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் வேண்டும், ஆங்கிலத்தில். எழுத என்னைவிட்டால் ஆள் இல்லை.

கட்டிலின் கால்மாட்டில் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. சற்குணம் எழுந்து கதிரையை எனக்குத் தந்தாள். மறுத்தும் கேட்கவில்லை.

"வாங்கோ, சேர்" என்றார் தில்லையம்பலம். "கல்லு வைக்க வரச் சொன்னன். இஞ்ச வரவேண்டியதாப் போச்சு."

கொப்பியைத் திறந்தேன். அவர் சற்குணத்தைத் தேத்தண்ணி வாங்கிவரச் சொல்லி அனுப்பினார். அவள் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"பொலிசு வந்து கேட்டவங்கள், கம்பு இருந்ததோ எண்டு. இருந்தது, நான்தான் பிடுங்கினனான் எண்டு சொல்லிப்போட்டன். நீங்களும் அப்பிடியே எழுதுங்கோ."

"ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

"பின்ன? அந்தப் பிள்ளையள் எத்தினை ஆயிரம் வெடி எடுத்திருக்கும். ஒண்டு கண்ணுக்குத் தப்பிப்போச்சு. ஆருக்கும் தப்பும். நான் அரிஞ்ச பலகையில பிழை வரேல்லையோ? இப்பவே அமெரிக்காக்காரன் சாட்டுத் தேடுறான் எண்டு சொல்லுகினம். துப்புரவாக்கின காணியில வெடிச்சதெண்டு தெரிஞ்சா, ஒரேயடியா மூடிப்போடுவான். அறுபது குடும்பம், சேர். என்ர ஒரு காலுக்கு அறுபது குடும்பமோ?"

அவருடைய காணி துப்புரவாக்கப்பட்டது என்றே அவர் நினைக்கிறார். யோகமலருக்கு ஒன்று தப்பிவிட்டது என்று நினைக்கிறார். யோகமலருக்கு எதுவும் தப்பியதில்லை. கிணற்றடிக்குள் அவள் போகவேயில்லை, நாங்கள் போகவிடவில்லை. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆசுப்பத்திரியில் நோயாளியைக் கலவரப்படுத்தக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது.

"எழுதியாச்சே?" என்றார்.

எழுதினேன். வாசித்துக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் கையொப்பமிட்டார். அழகான கையெழுத்து; தச்சர்களுக்கு நேர்கோடு கைவரும்.

மார்ச் 5, புதன்

விலக்குக் கிடைத்துவிட்டது. எங்கள் வேலை உயிர்காப்பது என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை தொடக்கம்.

பின்னேரம் யோகமலர் வந்தாள். தொழிற்சாலை உடுப்போடேயே. உட்காரவில்லை.

"தில்லையண்ணையைப் பாத்திட்டு வாறன். என்ர கையைப் பிடிச்சு, 'நீ கவலைப்படாத பிள்ளை, ஒண்டு தப்பினதுக்கு ஒரு குற்றமும் இல்லை, நான் உன்னைக் காட்டிக்குடுக்கேல்லை' எண்டு சொல்லுறார்."

மேசையில் கோப்புகளை அடுக்கினேன்.

"என்னை மன்னிக்கிறார், சேர். நான் செய்யாததுக்கு."

"அவர் நல்ல நோக்கத்தோடு..."

"நீங்கள் அவருக்கு என்னண்டு சொன்னனீங்கள்? எனக்குச் சொன்னதை விடுங்கோ. அவருக்குச் சொன்ன சொல்லை அப்பிடியே சொல்லுங்கோ."

சொன்னேன். "கிணற்றுப் பக்கம் அவசரப்பட வேண்டாம்."

"அவ்வளவும்தானோ?"

"கடையில் ஆட்கள் இருந்தார்கள்."

"பொலிசிட்ட நான் சொல்லட்டோ, நான்தான் பிடுங்கினனான், ஆர் சொல்லிப் பிடுங்கினனான் எண்டு?"

அது அவளுடைய உரிமை என்றேன். விலக்கு மீளாய்வுக்கு உட்பட்டது, அறுபத்திரண்டு பேரும் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறார்கள், அவர்களில் பதினெட்டுப் பேர் கணவனில்லாதவர்கள் என்பதையும் நினைவூட்டினேன். தகவலுக்காக.

"அறுபத்தொண்டு" என்றாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

மார்ச் 10, திங்கள்

வேலை தொடங்கியது. முதலில் தில்லையம்பலத்தின் கிணற்றடி. புதிய அணித் தலைவி. பத்து மணிக்குள் இரண்டு எடுத்தார்கள், பின்னேரம் இன்னொன்று. தில்லையம்பலம் மிதித்த இடத்திலிருந்து ஒன்றரை மீற்றர், மூன்று மீற்றர், நாலரை மீற்றர்.

யோகமலர் பொலிசுக்குப் போகவில்லை. விசாரித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

காலை முழுவதும் வாக்குமூலத்தை ஆங்கிலமாக்கினேன். வாஷிங்டனுக்குப் போகிறது. கீழே மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழிக்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள்: மூலத்துக்கு உண்மையானது, முழுமையானது, பிழையற்றது.

"கம்புகளை நானே பிடுங்கினேன். இவர்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அமெரிக்க மக்களுக்கு நன்றி."

கடைசி வசனத்தை நான் சேர்க்கவில்லை. அவரே சொன்னார்.

மூன்று தடவை சரிபார்த்தேன். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. கையொப்பமிட்டேன்.